சலவை நாள்

விடிய ஐந்தரைக்கு
வின்டர்த்தூர் காப்புறுதிக் கந்தோரின் பின்கதவு
என் அட்டைக்குத்தான் முதலில் திறக்கும்.

மூன்றாம் மாடியில் நாற்பத்தொரு குப்பைக்கூடை.
முகம் ஒன்றும் தெரியாது எனக்கு.
ஆனால் யன்னலோர மேசைக்குப் பல்வலி,
அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்துக் கதிரை
சிகரெட்டை விடப்பார்த்து
மூன்றாம் தடவையும் தோற்றுவிட்டது,
அதெல்லாம் தெரியும்.

ரெகுலா என்றொருத்தி
தோடம்பழத் தோலைக் கடதாசியில் சுற்றித்தான் போடுவாள்.
அவள் மேசையில் ஒருநாள் மஞ்சள் துண்டு:
"கோப்பையைக் கழுவவேண்டாம். நானே கழுவுவேன்."
ஆர் எழுத்தின் கால் நீண்டு
அடுத்த எழுத்தை உதைக்கிற கையெழுத்து.
நான் கழுவவில்லை.

பேந்து அவர்கள் வரவில்லை.
இரண்டு கிழமை என்றார்கள்.
நோய் போனது,
ஆட்கள் திரும்பவில்லை.
வெறும் கூடைக்குப் பை மாற்ற
யார் சம்பளம் தருவான்?
மேற்பார்வைக்கார ஃபித்திம்
தன் சப்பாத்தைப் பார்த்தபடி சொன்னான்:
ஐந்து மணித்தியாலம் இனி இரண்டு.
ரெயில் மட்டும் அதே ரெயில், அதே இருட்டு.

மேசைகளில் இப்போது பெயர் இல்லை, எண்தான்.
முந்தநாள் வந்தவன் இன்று வேறெங்கோ இருப்பான்.
பெட்டியில் போட்டு எறியச் சொன்ன கோப்பைகளில்
ஒன்றை மட்டும் எடுத்து
என் அலுமாரியில் வைத்தேன்,
பிளீச் போத்தலுக்குப் பின்னால்.
அடியில் கோப்பி காய்ந்து வளையமாய் இருந்தது.

எஃப்ரெட்டிகோனில் எங்கள் கட்டடம்
பகலில் பேசப் பழகிவிட்டது.
போன மாரியில் மேல்வீட்டுக்கு யாரோ குடிவந்தார்கள்,
அழைப்புமணியில் குடும்பப்பெயர் மட்டும்.
ஒரு கதிரை என் கூரைக்கு மேல் உருளும்.
ஒரு குரல் கேட்கும்:
"கேட்கிறதா? நான் பேசுவது கேட்கிறதா?"
கேட்குது பிள்ளை,
ஒரு கண் நித்திரைகொள்ள விடாமல்
எனக்கு வடிவாய்க் கேட்குது.

போன வியாழன்
நிலவறைச் சலவை அறைக் கதவில்
மஞ்சள் துண்டு:
"பத்து மணிக்கு எனக்குக் கூட்டம்.
உங்கள் நாளை மாற்றித்தர முடியுமா?"

கையெழுத்துக்கு முன்னமே
கால் என்னை உதைத்தது.

உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு
கனநேரம் நின்றேன்.
இயந்திரத்தில் இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது.
பேனையைத் தட்டித் தட்டி
"மாற்றலாம்" என்று எழுதினேன்,
கீழே பெயர் போடவா விடவா என்று யோசித்து
வீட்டு எண்ணைப் போட்டேன்.

அவள் எனக்கு எழுதியது
இது இரண்டாம் தடவை.
அவளுக்கு இது முதலாவது.

மேலே
கதிரை உருண்டு
யன்னல் பக்கம் போய் நின்றது.