கோட்டறை சிபாரிசு

ஸ்காட்லாந்தில் எந்த பேண்டைக் கேட்கலாம் என்கிறாய்.
தப்பான ஆளிடம் வந்திருக்கிறாய்.
சாக்கிஹால் தெரு அரங்கில் பதினோரு வருஷம்,
கோட்டு வாங்கி மாட்டி டோக்கன் கொடுக்கிற வேலை.
மேடையில் ஒரு முகத்தையும் பார்த்ததில்லை.
நடுவில் செங்கல் சுவர்,
நானூறு ஈரக் கோட்டுகள்.

இருந்தாலும் எழுதிக்கொள்.

டால்மார்னக் ஹெரன்ஸ்.
அவர்கள் பேஸ் கிதார் ஆரம்பித்தால்
என் இரும்பு ஹேங்கர்கள் எல்லாம்
பல்லை நறநறவென்று கடிக்கும்.
முதல் ஆல்பம் போதும்.
இரண்டாவதற்குள் யாரோ பாவி
நல்ல ஸ்டுடியோ பிடித்துக் கொடுத்துவிட்டான்.

டண்டீக்காரி மோராக் பிட்கெத்லி, அக்கார்டியன்.
அவளைக் கேட்க வருகிறவர்கள் கோட்டைக் கழற்றமாட்டார்கள்.
எனக்கு அன்றைக்கு ஒரு பைசா டிப்ஸ் இல்லை.
எரிச்சலில்தான் கதவைத் திறந்தேன்.
அவள் விரலை விட்டுவிடு.
துருத்தி மூச்சு இழுக்கிற இடத்தைக் கேள்.

ஷெட்லாந்திலிருந்து அண்ணன் தம்பி, ஃபிடில்.
மாக்னி ஒருவன். மற்றவன் பெயர் வாயில் நிற்கிறது, வரவில்லை.
இரவெல்லாம் புயலில் கப்பல்.
தம்பிக்காரன் ஃபிடிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு
வாந்தி வாளியை என்னிடம் நீட்டி
டோக்கன் கேட்டான்.
கொடுத்தேன். எண்பத்தேழு.

பைப் வேண்டுமா? வெளியே குளிரில் நின்று கேள்.
அறைக்குள் பைப் கேட்பது
குளியலறையில் குதிரையைக் கட்டுவது.

அப்புறம் ஷோனாக்.
லூயிஸ் தீவு. கேலிக்கில் பாடுகிறவள். ஒரே ஒரு நாள் வந்தாள்.
தாளம் இல்லை, பக்கவாத்தியம் இல்லை,
மைக்கும் பாதியில் செத்துப்போனதாம்.
சுவர் வழியாக எனக்கு எதுவும் வரவில்லை.
ஒரு ஹேங்கர் அசையவில்லை.
குறுக்கெழுத்தில் ஏழாவது கட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

முடிந்தது.
ஒருவரும் வரவில்லை கோட்டு வாங்க.
கடைசி பஸ் போகிற சத்தம் கேட்டது.
பிறகு வந்தார்கள், ஒவ்வொருவராக,
டோக்கனை நீட்டி, கொடுத்ததை மாட்டிக்கொண்டு.
எருமை மாதிரி ஒரு ஆள்
பெண்டாட்டியின் சிவப்புக் கோட்டில் பாதிக் கையை நுழைத்தபடி
மழைக்குள் போனான்.
அவளும் பின்னாலேயே போனாள், அவன் கோட்டில்,
தரை கூட்டிக்கொண்டு.

என்ன பாடினாள், தெரியாது.
ரெக்கார்டு ஏதாவது போட்டாளா, அதுவும் தெரியாது.

முதலில் அவளைத் தேடு.
கிடைத்தால் எனக்கும் சொல்,
நான் இன்னும் கேட்டதில்லை.

கிடைக்காவிட்டால் ஹெரன்ஸ்.
முதல் ஆல்பம், ஞாபகம் வை.