ஒரு ஸ்குரூ மிச்சம்

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மாடிக் கடையில் இர்பான் கேட்டது ஒரே கேள்வி:
"டீடீஆர் மூணா, நாலா?"
எனக்குத் தெரிந்த மூன்றும் நாலும்
சீட்டுக் காசு கட்டும் தேதிகள்.
பார்த்துவிட்டு வருகிறேன் என்று
பதினொரு கிலோமீட்டர் திரும்பி வந்தேன்.
பார்ப்பதென்றால் திறக்க வேண்டும்.

வங்கி ஒன்று கழித்துவிட்ட பெட்டி.
யாரோ ஏலத்தில் எடுத்து
அவரிடமிருந்து நான்.
வினாத்தாளைத் திறக்கச் சொல்லிவிட்டு
அரிசி களைந்து உலையில் போட்டு வரலாம்.
எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முக்கோணம் வரைந்தால்
மூன்றாவது பக்கம் தெரிவதற்குள்
சோறு வெந்துவிடும்.

மூடியில் நாலு ஸ்குரூ.
தையல் மெஷினோடு வந்த டிரைவருக்குத் தலை பெரிது.
மூன்றுக்கு மிரட்டல் போதுமாக இருந்தது.
நாலாவதற்கு நகவெட்டியின் முனை,
கொஞ்சம் கெட்ட வார்த்தை.

உள்ளே,
காற்றாடிக்குக் கீழே, தூசு மெத்தையில்
இரண்டு பல்லி முட்டை ஓடுகள்.
மார்கழிக் குளிரில் நான் புள்ளி கூட்டிய இரவுகளில்
அந்தச் சூட்டில்தான் பொரித்துப் போயிருக்கின்றன.
யாருக்கோ பயன்பட்டிருக்கிறது,
என்னைத் தவிர.

டீடீஆர் மூன்று.
எறும்பு எழுத்தில் இருந்தது.

சனிக்கிழமை மறுபடி இர்பான். பாவித்ததுதான்,
மூவாயிரத்து இருநூறு ரூபா.
வெள்ளி உறைக்குள் ஒரு பச்சைத் துண்டு,
டிலானியின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து
பஸ்ஸில் மடியைவிட்டு இறக்கவில்லை.

"உடம்பில் மின்சாரம் இருக்கும்,
முதலில் இரும்பைத் தொடுங்கள்" என்றார் வீடியோக்காரர்.
மூன்று நாளாகப் போர்வையே காயாத ஊரில்
எந்த உடம்பில் மின்சாரம்?
ஆனாலும் ஜன்னல் கம்பியைத் தொட்டேன்.
குளிர்தான் ஏறியது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து அவர்.
போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில்,
இரண்டு கையும் பெட்டிக்குள்.
"லீவுல வந்து நான் பாக்குறேன். நீ கை வைக்காத."
"வைக்கல" என்றேன்.

அழுத்துங்கள் என்கிறார்கள்,
எவ்வளவு என்று ஒருவரும் சொல்வதில்லை.
டிலானிக்குக் காது குத்தியவர் அழுத்தினாரே, அவ்வளவா?
அதற்கும் கூடவா?
டக்.
உடைந்ததற்கும் பொருந்தியதற்கும் ஒரே சத்தம்.

பொத்தானை அமுக்கினால்
திரை கறுப்பு.
பீப். பீப். பீப்.

லயத்துச் சுவர் கூரை வரை போவதில்லை.
அந்தப் பக்கமிருந்து செபமாலை அண்ணன்:
"என்ன டீச்சர், எதுவோ அழுவுது?"
"கம்ப்யூட்டருக்கு ஞாபகம் வரல்லண்ணே."
கொஞ்ச நேரம் யோசித்திருப்பார் போல.
"எங்கம்மாவுக்கும் அப்படித்தான். திட்டாதீங்க."

திட்டவில்லை. கழற்றினேன்.
டிலானி தன் அழிறப்பரை நீட்டினாள்,
பாதியாகத் தந்தால் போதாது என்ற நிபந்தனையோடு.
தங்கப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்,
யாரோ ஒரு கிளார்க் மறந்த கணக்கையெல்லாம்
அழிப்பது மாதிரி.
இம்முறை இரண்டு பெருவிரலாலும்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஒரே ஒரு பீப்.
அதற்குப் பிறகு வந்த அமைதியில்
தகரத்தில் மழை விழுவது கேட்டது,
எப்போது தொடங்கியதோ.

இரண்டு இருந்த இடத்தில் ஆறு.
டிலானி விரலை மடக்கி எண்ணிச் சரி என்றாள்.
வினாத்தாள் திறந்தபோது
அரிசி இன்னும் சுளகில்.
நான் சும்மா நின்றேன்.
அந்த ஏழு நிமிடத்தை என்ன செய்வதென்று
தெரியவில்லை.

மூடியைப் பூட்டிய பிறகு பார்க்கிறேன்,
சாசரில் ஒரு ஸ்குரூ.
நாலும் மூடியில் இருக்கின்றன.
இது ஐந்தாவது.
நான் கழற்றவே இல்லை, சத்தியமாக.
எங்கும் ஓட்டை இல்லை, எதுவும் ஆடவில்லை.

தீப்பெட்டிக்குள் போட்டு
மேலே சிவப்புப் பேனையால் எழுதினேன்:
எங்கேயோ.