கூட்டல் குறி

உடம்பில் இரும்பு ஏதும் உண்டா?
எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.
கொலுசு, கொண்டை ஊசி, பல் கம்பி,
எப்போதோ எலும்பு முறிந்து வைத்த தகடு.
தேஜஸ்விக்குப் பதினைந்து வயது.
சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை.
கொஞ்சம் யோசித்து,
"இப்ப இல்லக்கா" என்றாள்.
படிவத்தில் 'இல்லை' என்று குறித்தேன்.
'இப்ப'வுக்குக் கட்டம் இல்லை.

நகரியைத் தாண்டிப் புத்தூர் சாலையில்
லாரிப் புழுதிக்குள் எங்கள் ஆஸ்பத்திரி.
பலகையில் மேலே தெலுங்கு, கீழே தமிழ்.
வாசலில் நின்றால் மலை தெரியும்:
மல்லாந்து படுத்த ஒரு முகம்,
மேகத்தில் இடிக்கும் மூக்கு.
அதே மாதிரிதான் அவளையும் படுக்க வைத்தேன்.
தலையை ஆட்டாதே.
சத்தம் பெருசா வரும், பயந்துடாதே.

"எங்க வீட்ல பன்னெண்டு பவர்லூம் ஓடுதுக்கா.
தூங்கிருவேன்."

தூங்கவில்லை.
கண்ணுக்கு மேலிருந்த கண்ணாடியில் படங்கள் போயின.
கை ஓங்கிய ஆள்.
கவிழ்ந்த பேருந்து.
நாய், அதன் ஒரு கால்.
ஒவ்வொன்றுக்கும் ஆறு நொடி.
இடையில் வெள்ளைத் திரை,
நடுவே ஒரு கூட்டல் குறி.
'பார்' என்று வந்தால் பார்க்க வேண்டும்.
'மாற்று' என்று வந்தால்
இதெல்லாம் நடிப்பு,
முடிந்ததும் எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள் என்று
மனசுக்குள் கதையைத் திருப்ப வேண்டும்.

டாக்டர் ஹெப்சிபா எனக்கு விளக்கியிருக்கிறார்:
நெற்றிக்குப் பின்னால் ஒன்று அடக்கப் பார்க்கும்,
ஆழத்தில் வாதாம்பருப்பு அளவில் ஒன்று
அடங்கலாம், அடங்காமலும் போகலாம்.
தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்குள்
அந்த நொடியில் என்ன நடக்கிறது?
ஒரு தலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.
அறுபது வேண்டும்.
இவள் நாற்பத்தொன்று.
சிவப்பும் மஞ்சளும் பூசிய படமெல்லாம்
கணக்குப் போட்டு மாதங்கள் கழித்து வருவது.
என் திரையில் ஓடியது வெறும் சாம்பல்,
நறுக்கிய காலிஃப்ளவர் மாதிரி.
எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

பதினேழாம் படத்தில் பந்தை அமுக்கினாள்.
முடியாவிட்டால் அமுக்கு என்று
கையில் கொடுத்த ரப்பர் பந்து.
நிறுத்தினேன். மைக்கில் கேட்டேன்:
மூச்சு முட்டுதா? வெளிய எடுக்கட்டுமா?

"இல்லக்கா.
படிக்கட்டுல உக்காந்து ஒரு அம்மா அழுதாங்களே,
அவங்கள யாராச்சும் என்னன்னு கேட்டாங்களா?"

எந்த ஊர்ப் படிக்கட்டோ.
அந்தப் படத்துக்குப் பெயர் இல்லை, நான்கு இலக்க எண்தான்.
வாரத்துக்கு மூன்று முறையாவது
அவளை அழவிடுகிறேன்,
சேலையா கவுனா என்றுகூடக் கவனித்ததில்லை.
தெரியலம்மா என்றேன்.
கொஞ்ச நேரம் இயந்திரம் மட்டும்
சிக் சிக்கென்று குளிர்ந்துகொண்டிருந்தது.
"மாத்துன்னு போட்டிருந்துச்சுக்கா.
எனக்கு மாத்த வரல."

விதிப்படி அந்தச் சுற்றை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.
ஓட்டினேன்.
பதினேழு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டது நான்.
பந்து அமுங்கவில்லை.

சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டபடி கேட்டாள்:
"நடுவுல ப்ளஸ் வந்துச்சே, எதோட எதைக்கா கூட்டணும்?"
ஒண்ணும் கூட்ட வேணாம்டா,
கண்ணு அலையாம இருக்கறதுக்கு.

வெளியே அவள் அம்மா வரலட்சுமி,
தலையெல்லாம் பஞ்சுத் தூசி.
ஏமாயிந்தி என்று தொடங்கித் தமிழுக்கு வந்தாள்.
"மூளையில ஏதாச்சும் கெட்டிருக்காம்மா?
அவங்கப்பா திமிருன்றாரு, பக்கத்து வீட்ல காத்துன்றாங்க.
நீயாச்சும் ஒண்ணு சொல்லு."
நான் எதுவும் சொல்லக் கூடாது.
டாக்டர் கூப்பிடுவாங்க என்றேன்.
பயணப்படி முந்நூறு, இங்கே கையெழுத்து என்றேன்.
வழியில் மோர் வாங்கிக் குடிங்க என்றும்.
வேறென்ன தெரியும் எனக்கு.

நிறுத்தத்தில் இருவருக்கும் நடுவே
ஒரு ஆள் உட்காரும் இடைவெளி.
சன்னல் வழியாகக் கேட்டது:
"ஒரு படத்துல ஒரு அம்மா அழுதாங்கம்மா."
"எதுக்கு?"
"தெரியல. யாரும் கேக்கல போல."
வரலட்சுமி ரூபாயை எண்ணுவதை நிறுத்தினாள்.

உள்ளே நாற்பத்திரண்டு காத்திருந்தான்.
பொதட்டூர்பேட்டை பஸ் வந்தது,
ஹாரன் அடித்தது.
அவர்கள் ஏறவில்லை.
அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான்.
அதிலும் ஏறவில்லை.