பதினேழு பாகை

பாண்டிருப்பில் பஸ்ஸை விட்டிறங்கி
கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில்
பல் வைத்தியரின் பெயர்ப்பலகைக்கு மேலே, மாடியில்
இரண்டரை அறை.
அரை அறையில் தும்புத்தடியும்
வெறும் தண்ணீர்ப் போத்தல்களும்.
இதுதான் ஓவியக்கூடம்.

சித்திரப் பாடத்துக்கு ஒப்படை:
ஏதாவதொரு படத்தைத் தெரிவு செய்து
ஐந்து கேள்விக்கு விடை எழுத வேண்டும்.
ரொஷானா டீச்சர் தந்த போட்டோக்கொப்பியில்
மூன்றாவது கேள்வி விழவேயில்லை.

மேசைக்குப் பின்னால் விதுர்ஷன் என்றொருவர்
போட்டிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.
தலை நிமிராமல் கொப்பியைத் தள்ளினார்.
எனக்கு முன் வந்தவர் ஒன்பது நாளைக்கு முன் வந்திருக்கிறார்.
'நன்று' என்று எழுதி
அதையும் ஏனோ வெட்டியிருக்கிறார்.

தாமரை, மயில், வயல், மறுபடி தாமரை.
வகுப்பில் பாதிப்பேர் மயிலைத்தான் எழுதுவார்கள்.
நான் இரண்டாவது அறைக்குப் போனேன்.

அங்கே ஒரு தையல்கடை.
கால்மெஷின், அதன் பக்கத்தில் நிற்கிற மனிதர்,
கழுத்திலிருந்து நேராகத் தொங்கும் அளவுநாடா,
வலப்பக்க ஜன்னலில் கையகலக் கடல்.
எல்லாவற்றுக்கும் குறுக்கே
தேநீர்க் கறைபோல ஒரு கோடு
மிதிபலகைக்குக் கீழே தொடங்கிச்
சரிவாய் ஏறி
ஜன்னலுக்குள் புகுந்து
வரைந்த கடலை வெட்டிக்கொண்டு போகிறது.
கோட்டுக்குக் கீழே நிறங்கள் உப்பிப்போயிருந்தன.

கீழே தாளில்:
எண்ணெய் வர்ணம், துணி, கடல்நீர்.
1998, 2004.

நான் பிறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து.
டிசம்பரில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கும்போது
உம்மா அடுப்பைக் குறைப்பார்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கடல்.

ஆனால் கேத்திர கணிதம் தெரியும்.
நீர் சரிவாய் நிற்காது.
கோடு சரிந்திருந்தால்
சரிந்தது படம்.

கொம்பாசுப் பெட்டியைத் திறந்து
பாகைமானியைக் காற்றிலேயே பிடித்தேன்.
"தொடப்படாது தங்கச்சி."
"தொடல்ல."
பதினேழு.
பென்சிலால் உள்ளங்கையில் எழுதப் பார்த்தேன், பதியவில்லை.

பிறகு தலையை இடது தோளில் சாய்த்தேன்.
கோடு மட்டமானது.
அந்த மனிதர் ஜன்னல் பக்கம் விழத் தொடங்கினார்.
மெஷின் அவருக்குப் பின்னால்.
நாடா மட்டும் எதிர்ப்பக்கம் விலகி
எதையோ அளக்கப் போவதுபோல் நின்றது.
அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.
வரைந்தவருக்குத் தெரியாதல்லவா.

"இது எங்க கிடந்தது?"
விதுர்ஷனுக்குத் தெரியவில்லை.
யாருக்கோ கோல் எடுத்தார், ஒருதரம், இரண்டுதரம்.
எடுக்கவில்லை.
"அப்ப நான் நாலாம் வகுப்பு" என்றார்.
நான் கேட்டது அதுவல்ல.
அதற்கு மேல் கேட்கவில்லை.

படியிறங்கும்போது குடையை விட்டுவிட்டது ஞாபகம் வந்து
திரும்பிப் போனேன்.
அவர் படத்தின் முன்னால் நின்றார்,
ஒரு கையில் பேனை,
தலை முழுதாக இடது தோளில்.
குடையை எடுத்துக்கொண்டு
சத்தமில்லாமல் வந்துவிட்டேன்.

காரைதீவுச் சந்தி தாண்டி மாவடிப்பள்ளியில்
ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயல் நிறையத் தண்ணீர்.
பஸ் பள்ளத்தில் விழுந்து ஒருபக்கம் சாய,
கம்பியில் தொங்கியவர்கள் எல்லாரும் சாய,
பால்மா வாங்கிப் போன ஒருவர் என் மடியில் சாய,
வெளியே
அது மட்டும் அப்படியே.

நாலாம் கேள்வி:
இவ்வோவியத்தில் சமநிலை பேணப்பட்டுள்ளதா?
மற்ற எல்லாவற்றுக்கும் வரி வரியாக எழுதினேன்.
மூன்றாவதற்கும் நானே ஒரு கேள்வி எழுதி விடை எழுதினேன்.
இதற்கு மட்டும்
17°
என்று போட்டேன்.

தாள் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது.
ரொஷானா டீச்சரின் ஊர் மருதமுனை.
சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை.
சிவப்புப் பேனை அந்த இடத்தில்
நெடுநேரம் நின்றிருக்க வேண்டும்.
ஒரு புள்ளி
மறுபக்கம் வரைக்கும் ஊறியிருந்தது.