நடுத்தாரை

கம்பம்மெட்டு ரோட்டில் ஜீப்புகள் புறப்படுமுன்,
காலை நாலே முக்காலுக்கு,
சிவப்பு மூடி போட்ட நாற்பது டப்பாக்களோடு
டீக்கடை ஓரம் நிற்கிறேன்.
ஆஸ்பத்திரிப் பலகையில் என் பெயர் நூர்ஜமிலா.
ஜீப்காரர்களுக்கு மூத்திர டாக்டர்.
தப்பில்லை.
கடைக்குப் பின்னால் நாலு சாக்கைத் தைத்துக்
கட்டியிருக்கும் படுதாவும் என்னுடையதுதான்.

"மொதல்ல வர்றத விட்ருங்கக்கா.
கடைசியும் வேணாம்.
நடுவுல வர்றத மட்டும் பிடிங்க."

ஒச்சம்மாள் டப்பாவை பல்பு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
"எங்க பொழப்பே நடுவுலதான தாயி.
ரேசன் இங்க. கூலி அங்க."
ஜீப் மொத்தமும் சிரித்தது,
எட்டுப் பேர் இடத்தில் பதினாலு பேர்.

படிவத்தில் ஒன்பதாம் கேள்வி:
ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழிப்பீர்கள்?
வீருசின்னம்மாளுக்கு விரல் மடக்க வேண்டியிருக்கவில்லை.
"வீட்ட விட்டுக் கெளம்புறப்ப ஒண்ணு.
வீட்டுக்கு வந்து ஒண்ணு."
இடையில் பதினாலு மணி நேரம்.
அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.
நான் போட்டிருந்த ஆகக் குறைந்த எண் நான்கு.
பாடப்புத்தகத்தைப் பார்த்துப் போட்டேன்.
பாடப்புத்தகம் யாரைப் பார்த்தது?
முதலாண்டில் மனப்பாடம் செய்த
அந்த எழுபது கிலோ ஆணை.
அவனுக்குத் தூரம் கிடையாது,
கங்காணி கிடையாது,
அவசரமென்றால் ஒரு மரம் போதும்.

ஏலக்காட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.
செடிக்குக் குழாய் சுற்றிச் சுற்றித் தூவும்.
காய் எடுக்கிறவர்கள் நாக்கை நனைப்பதில்லை.
குடித்தால் போகணும்.
போனால் அட்டை,
போனால் நேற்று மருந்தடித்த சரிவு,
போனால்
"எவிடே போயி?" என்று சரிவெல்லாம் கேட்கிற ஒரு குரல்.
விலக்கான நாளில்
ஒரே துணி, இருட்டும் வரை.

"இதயம் எடு, புற்று எடு,
நாற்பது டப்பா மூத்திரத்தை எந்த ஜர்னல் போடும்?"
என்றார் என் வழிகாட்டி.
நல்ல மனிதர்தான்.
பிரசவ விடுப்பு கேட்ட சரளாதேவிக்கு லட்டு கொடுத்து வாழ்த்திவிட்டு
கட்டுரையிலிருந்து அவள் பெயரை எடுத்தவர்.

நிறத்துக்கென்று இன்னோர் அட்டை வைத்திருக்கிறேன்,
கடிக்காத அட்டை.
வைக்கோல், எலுமிச்சை, தேன்,
இறங்க இறங்க வரக்காப்பி.
முப்பத்தோரு டப்பாக்கள் தேனுக்குக் கீழே.
எரிச்சல் உண்டா என்று கேட்டால்
"அது இல்லாம இருக்குமா" என்கிறார்கள்,
வெயில் உண்டா என்று நான் கேட்டதைப் போல.

டப்பாவை என் கையில் வைத்துவிட்டு
ஒச்சம்மாள் நகராமல் நின்றார்.
"நீ எப்ப தாயி போன?"

யோசித்தேன்.
பிரசவ வார்டு. நேற்றுக் காலையிலிருந்து டூட்டி.
டாக்டர்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது,
தாழ்ப்பாள் இருப்பது ஆண்கள் ஓய்வறைக்குள்.
இரண்டு சிசேரியன், ஒரு ரத்தப்போக்கு,
நடுவில் யாரோ கொடுத்த டீயை
வேண்டாமென்று வைத்தேன்.
ஏன் வைத்தேன்?

"நேத்து... மத்தியானம்."

அவர் எதுவும் சொல்லவில்லை.
ஒரு டப்பாவை எடுத்து, மூடி திறந்து, நீட்டினார்.
சாக்குப் படுதாவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.
டிரைவர் ஹாரன் அடித்தான்.
"இருய்யா. டாக்டரம்மா உள்ள இருக்கு."
இத்தனை வருசத்தில்
எனக்காக ஒரு வண்டி நின்றது அப்போதுதான்.

ஆய்வு செய்பவர் ஆய்வுக்கு உட்படக் கூடாது என்பது விதி.
பென்சிலால் நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
அதுவும் வரக்காப்பிதான்.

வண்டி உறுமத் தொடங்கியபோது
ஓரத்தில் இருந்த வீருசின்னம்மாளிடம்
என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
மறுக்கவில்லை.
ஒரு வாய் ஊற்றி
நன்றாகக் கொப்பளித்து
ரோட்டில் துப்பினார்.
மூடியை இறுக்கித்
திருப்பிக் கொடுத்தார்.