ஊர் என்னும் கட்டம்

ஊர் என்னும் கட்டத்தை நிரப்பாமல்
அடுத்த பக்கத்துக்கு விடாது
என் கடையின் இணையதளம்.
அக்கா மகன் செய்து கொடுத்தது.

இசக்கிராஜ் அதில் ஒரு புள்ளி வைத்திருந்தார்.
வெறும் புள்ளி.
மாவட்டம், இன்னொரு புள்ளி.
மாநிலத்தைப் பட்டியலில் தொட்டே ஆக வேண்டும்,
முதலில் கிடந்த அந்தமானைத் தொட்டிருந்தார்.
பிறகு ஓர் எண், ஒரு படைப்பிரிவு,
மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.
அவ்வளவுதான் முகவரி.

இரண்டு கிலோ டஸ்ட் டீ.
ஒரு கிலோ வர்க்கி.
தைலம் நூறு மில்லி, நான்கு பாட்டில்.

கூரியர்ப் பையன் மூன்று முறை தட்டிப் பார்த்தான்.
"அக்கா, இந்த பின்கோடு பூமியிலயே இல்ல."

குன்னூர் அஞ்சலகத்தில் இருந்தது.
மூன்றாம் கவுன்ட்டர் ருக்மாங்கதன்
எண்ணைப் பார்த்ததும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"போகும். உள்நாட்டுக் கட்டணம்தான்.
தைலம் மட்டும் ஏறாது."
கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய பட்டியலைக் காட்டினார்:
லைட்டர், நகப்பூச்சு, பேட்டரி,
தீப்பிடிக்கிற எல்லாம்.

எந்த நாட்டுக்குப் போகும் என்றேன்.
"டெல்லிக்குப் போகும்."
அப்புறம்?
"அப்புறம் அவங்க பாடு."

தைலத்துக்கான பணத்தைத் திருப்புவதாக எழுதினேன்.
இரண்டு நாள் கழித்து,
இங்கே இரவு இரண்டே முக்காலுக்குப் பதில்:

"பணம் வேண்டாம் மேடம்.
பாட்டிலுக்கு அடியில விரிச்சிருப்பீங்களே பேப்பர்,
அதுல டீயைச் சுத்தி அனுப்புங்க.
வெலிங்டன்ல பயிற்சி எடுத்தப்ப
ஞாயித்துக்கிழமை உங்க கடை வாசல்ல நிப்பேன்.
வாங்கினது இல்ல."

ஆறு மாதத் தைலம் குடித்த தாளை உருவினேன்.
கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.
முன்பக்கத் தேயிலை ஏல விலைமேல்
பின்பக்கத்து மணமகள் தேவை
தலைகீழாகத் தெரிந்தது.
உறைபனி எச்சரிக்கை ஒன்று
இரண்டுக்கும் நடுவே.

ருக்மாங்கதன் பொட்டலத்தை மூக்கருகில் கொண்டுபோனார்.
"தைலமா?"
வாசனை மட்டும் சார்.
எழுந்துபோய் அந்தப் பட்டியலை
மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார்.
வாசனை என்று ஒரு வரி இல்லை.
முத்திரை விழுந்தது.

குன்னூர். கோவை. டெல்லி.
கள அஞ்சலகத்துக்கு அனுப்பப்பட்டது.
அந்த வரியோடு நின்றது
நாற்பத்தோரு நாள்.

வெலிங்டன் பக்கமிருந்து
பனிக்குள் பியூகிள் கேட்கும்போது எனக்குப் பால் பொங்கும்,
அடுப்பை அணைத்துவிட்டு ஃபோனைப் பார்ப்பேன்.
மாறாத வரியை எதற்குத் தினமும் பார்ப்பது,
பார்த்தேன்.
ஒருநாள் செய்தியில் வெள்ளம்,
ஏதோ ஆப்பிரிக்க ஆறு,
படகில் நீலத் தொப்பிகள்.
சத்தத்தைக் கூட்டிக்கொண்டு கிட்டே போய் நின்றேன்.
எந்த முகத்தைத் தேடுவது என்று
அப்புறம்தான் தோன்றியது.
எனக்கு அவர் கையிருப்பு
ஒரு பெயர், இரண்டு புள்ளி.

நாற்பத்திரண்டாம் நாள் மதிப்புரை வந்தது:

"டீ நல்லா இருக்கு. வர்க்கி பூரா தூள்.
ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டோம்.
நாலு ஸ்டார்."

சாப்பிட்டேன் இல்லை.
சாப்பிட்டோம்.
ஒரு கிலோ தூளைச் சுற்றி எத்தனை ஸ்பூன்,
எந்த ஊர்ப் பையன்கள்,
முதலில் அள்ளியவன் யார்,
அந்த 'தோம்' எதையும் சொல்லவில்லை.
தாளைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

அக்கா மகனைக் கூப்பிட்டேன்.
ஊர்க் கட்டத்தில் கட்டாயம் என்கிற
சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிடு.
"ஊர் இல்லாம எப்படி சித்தி?"
எடுடா.

நேற்று மறுபடி ஆர்டர்.
அதே எண், வேறு வேறு பெயர்கள், ஏழு.
கட்டம் காலியாகவே வந்திருந்தது.

இந்த முறை வர்க்கியை டின்னில் அடைக்க வேண்டும்.
டின் ஒன்று நாற்பது ரூபாய்.
அதை அவர்களிடம் கேட்பதா வேண்டாமா
என்று இன்னும் முடிவாகவில்லை.