நாளே பா

எங்கள் மாடியில் எட்டுப் பலகை.
ராமமூர்த்தி நகர் வெயில்
காலை ஏழரைக்கெல்லாம் வந்து
அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறது.
வந்தும் வேலை இல்லை அதற்கு.

பொருத்திவிட்டுப் போன புட்டராஜு
சுவிட்சின் குறுக்கே சிவப்பு டேப் ஒட்டி,
"ஆபீஸிலிருந்து வந்து
புது மீட்டர் மாட்டி சீல் வைக்கும்வரை
தொடாதீங்க அக்கா" என்றான்.
அன்று யுகாதிக்கு மறுநாள்.
இப்போது வரமகாலட்சுமிக்குப் பூ விலை ஏறிவிட்டது.
பேங்க் மட்டும் முதல் மாதத்திலிருந்தே
ஐந்தாம் தேதி தவறாமல் எடுத்துக்கொள்கிறது.

மாவு விற்கிறவள் நான்.
இரண்டு கிரைண்டர், பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று,
லேஅவுட்டில் நாற்பது வீடு.
கரண்ட் போனால் உளுந்து பாதியில் நிற்கும்,
சொல்ல வந்ததை மறந்தவர் வாய்போல.
அதற்காகத்தான் கடன். அதற்காகத்தான்
படிக்கட்டுக்கு அடியில்
செருப்பு ஸ்டாண்டை நகர்த்திவிட்டு
குட்டி பீரோ அளவுக்கு ஒரு பேட்டரி.

ஃபைல் எங்கே நிற்கிறதென்று கேட்கப் போனேன்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சிவலிங்கய்யா
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
ஆர்.ஆர். நம்பரைத் தட்டினார்.
"முனிரத்தினம் யாரு?"
மாமனார்.
"அவர் கையெழுத்து வேணும்."
இறந்து பதினோரு வருஷம் சார்.
"அப்ப பேர் மாத்தணும். வேற ஃபாரம், வேற கவுண்டர்.
நாளே பன்னி."

பதினோரு வருஷமாக மாதாமாதம்
அவர் பெயருக்குத்தான் பில் வருகிறது.
கட்டும்போது யாரும் கேட்டதில்லை
ஆள் இருக்கிறாரா என்று.

இந்த ஊரில் முன்பு ஒரு பேய் இருந்ததாம்.
ராத்திரியில் தெரிந்தவர் குரலில் கதவைத் தட்டுமாம்.
சனங்கள் கதவில் எழுதி வைத்தார்கள்:
நாளே பா. நாளைக்கு வா.
பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போகும்.
மறுநாளும் வரும், படிக்கும், போகும்.
எழுத்தை மதிக்கிற பேய்.
சின்ன வயதில் அலசூரில் கேட்டபோது
கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்காகப் பயந்தேன்.
கவுண்டரிலிருந்து திரும்பும் பஸ்ஸில்
பிளாஸ்டிக் கவரில் இறப்புச் சான்றிதழோடு
அந்தப் பேயின் கால்வலியை நினைத்துக்கொண்டேன்.

போன வியாழன் மழை.
ஒன்பது மணிக்குப் போய்விட்டது கரண்ட்.
நாலு கிலோ உளுந்து கல்லுக்குள்.
மாமனார் படத்துக்குக் கீழே எரியும்
குட்டிப் பல்பும் அணைந்தது.
தடவிக்கொண்டே படிக்கட்டுக்கு அடியில் போனேன்.
பேட்டரியின் பச்சைப் புள்ளி விழித்திருந்தது.
உள்ளே கொஞ்சம் இருக்கும்,
புட்டராஜு சோதித்தபோது ஏறிய ஒரு பகல்.
டேப்பின் ஒரு முனை ஈரத்தில் எழும்பியிருந்தது.
நகத்தால் இன்னும் கொஞ்சம் எழுப்பினேன்.

யார் பார்க்கப்போகிறார்கள்?

தெருமுனைக் கம்பத்தில் ஏணி சாய்ந்திருந்தது.
மேலே ஒருவர், மழைக்கோட்டு இல்லாமல்,
டார்ச்சை வாயில் கடித்தபடி.
இங்கிருந்து அந்தக் கம்பிக்குத் திரும்பி ஏறுமா?
ஏறாது என்றுதான் புட்டராஜு சொன்னான்.
"ஆனா செக் பண்ணிச் சொல்ல வேண்டியது அவங்க."
வெளிச்சத்தில் அவர் கன்னம் புடைத்துத் தெரிந்தது.
டேப்பை அழுத்தினேன்.
ஒட்டவில்லை.
கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பிறகு உளுந்தைக் குண்டானில் வழித்து
எதிர்வீட்டு ஷமீமாவிடம் தூக்கிப் போனேன்.
அவர்களுக்கு வேறு ஃபேஸ். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.
அவளுடைய சின்னக் கிரைண்டரில் மூன்று ஈடு.
"நாலு துளி மழை விழுந்திருச்சுடி."
"இட்லி பூப்பூவா வரும், போ."

விடிவதற்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது,
யார் கையெழுத்தும் இல்லாமல்.

ஏழரைக்கு வெயில் வந்தது.
ரோடு தோண்டிய மண் பலகைகளில் கோடுகோடாய்.
பக்கெட் தண்ணீரோடு ஏறி
எட்டையும் துடைத்தேன்.
போன் துடித்தது:
அன்புள்ள முனிரத்தினம்,
உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.

கீழே போய்ப் படத்தின் முன்னால் நின்று
கன்னடத்தில் வந்தபடியே படித்துக் காட்டினேன்.
அவருக்குக் கன்னடம் நன்றாகவே வரும்.
இருந்தாலும் தமிழில் இன்னொரு தரம்.